ஆட்டோ ஓட்டுபவனுக்கு முதலில் வேண்டிய ஆங்கிலச் சொற்கள் எவை?

பொத்துவில் ஆட்டோ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பொத்துவிலில் பதினொரு வருடமாக ஆட்டோ ஓட்டுகிறேன். மே மாதம் தொடங்கி ஒக்டோபர்வரை அறுகம்பைக்கு அலைச்சறுக்கு ஆட வருகிற வெளிநாட்டவர்களை நம்பித்தான் என் குடும்பம் ஓடுகிறது. மற்ற மாதங்களில் பள்ளிப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிப் பயணம், சந்தைச் சாமான். சாதாரண தரம்வரை படித்தேன். ஆங்கிலத்தில் சித்தியடையவில்லை.

போன கிழமை நடந்ததைச் சொன்னால்தான் என் கேள்வி விளங்கும். ஜேர்மனியிலிருந்து வந்த கணவனும் மனைவியும் முதல்நாள் மாலை என்னைப் பேசி வைத்தார்கள். மறுநாள் விடியற்காலை மொனராகலைப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்றும், "ஹாஃப் ஃபைவ்" மணிக்கு வரச் சொல்லியும் அந்த அம்மா கேட்டுக்கொண்டார். இங்கிலாந்துக்காரர்களிடமிருந்து அந்தச் சொல்லை முன்பே கற்றிருக்கிறேன். ஐந்தரை என்று பொருள். நான் ஐந்து இருபதுக்கே போய்விட்டேன். அவர்களோ நாலரை மணியிலிருந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். பஸ் போய்விட்டது. அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. கைபேசியில் 4:30 என்று எழுதி என் முகத்துக்கு நேரே பிடித்தார். அந்த வெளிச்சத்தில், கணவர் நிலத்தில் வைத்திருந்த இரண்டு பைகளும் பனியில் நனைந்திருந்தது தெரிந்தது. லாகுகலைக் காட்டு வழியாகச் சியம்பலாண்டுவைவரை ஓட்டிக்கொண்டு போய், அங்கே வேறு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பெற்றோல் காசுக்கு மேல் வாங்க மனம் வரவில்லை.

இது மட்டும் இல்லை. "ஃபிஃப்டீன் ஹன்ட்ரட்" என்று சொல்லி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பேசினேன். இறங்கும்போது ஐயாயிரம் கேட்கிறாய் என்று நினைத்து ஓர் இளைஞன் கோபப்பட்டான். இன்னொரு நாள் வயதான ஓர் ஆங்கிலப் பெண்மணியிடம் "கெட் டவுன், மேடம்" என்றேன். அவர் தலையைக் கையால் மூடிக்கொண்டு குனிந்துவிட்டார். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

கல்முனையில் ஒரு புத்தகம் வாங்கினேன். பயணம், போக்குவரத்து என்ற பாடத்தில் கப்பல், விமானம், மாட்டுவண்டி எல்லாவற்றுக்கும் படம் போட்டு ஆங்கிலப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெயர்கள் எனக்குத் தெரியும். தெரிந்தும் பேச வரவில்லை. எதை முதலில் படிக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சீசன் முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.

கல்லாறு டீச்சர் எழுதியது:

தம்பி, அந்த விடியற்காலையில் பிழை உங்களுடையது இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் படித்தது சரியான ஆங்கிலம். "ஹாஃப் பாஸ்ட் ஃபைவ்" என்பதைத்தான் இங்கிலாந்துக்காரர் "ஹாஃப் ஃபைவ்" என்று சுருக்குகிறார்கள். அது ஐந்தரைதான். ஜேர்மன் மொழியில் அதே இரண்டு சொற்களைச் சேர்த்தால் நாலரை. ஐந்தை நோக்கிப் பாதி மணி ஆகிவிட்டது என்பது அவர்கள் கணக்கு. ஒல்லாந்துக்காரருக்கும் அதே கணக்குத்தான். அந்த அம்மா தன் மொழியில் நினைத்து ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். ஆகவே யார் "ஹாஃப்" என்று நேரம் சொன்னாலும் நீங்கள் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம். "ஃபோர் தேர்ட்டி?" என்று எண்ணாகத் திருப்பிக் கேளுங்கள். "இன் த மோர்னிங்?" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கேட்பதை அவர்கள் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முப்பத்திரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன். பஸ், டிக்கெட், பிரேக், டயர், சீட், ஸ்டேஷன், லக்கேஜ், ஹோர்ன், பெற்றோல், பார்சல் என்று பயணத்தின் பெயர்ச்சொற்கள் எல்லாம் நம்முடைய வாயில் தமிழாகவே புழங்குகின்றன. நம் பிள்ளைகள் அவற்றோடுதான் வகுப்புக்கு வருவார்கள். நாங்களோ அவற்றையே படம் போட்டு மறுபடியும் படிப்பித்தோம். நானும் அதைச் செய்திருக்கிறேன், அதற்காக இன்று வருந்துகிறேன். அவர்களுக்கு இல்லாமல் இருந்தவை இன், ஒன், ஓஃப், அட், பை, அன்டில் என்ற சின்னச் சொற்கள். உங்கள் தொழிலின் நேரமும் காசும் அவற்றில்தான் தொங்குகின்றன. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவற்றை எடுங்கள்.

தமிழில் எந்த வாகனத்துக்கும் ஏறு, இறங்கு என்ற இரண்டு சொற்களே போதும். ஆங்கிலத்தில் வாகனத்தைப் பார்த்துச் சொல் மாறும். உள்ளே எழுந்து நின்று நடக்க முடியுமென்றால் ஏறுவது "கெட் ஒன்", இறங்குவது "கெட் ஓஃப்". பஸ், ரயில், கப்பல், விமானம் இந்த வகை. குனிந்து நுழைந்து உட்கார மட்டுமே முடியுமென்றால் "கெட் இன்", "கெட் அவுட்". காரும் உங்கள் ஆட்டோவும் இந்த வகை. சைக்கிள், மோட்டார் சைக்கிள், குதிரை ஆகியவற்றின் மேலே ஏறி இருப்பதால் மறுபடியும் "ஒன்". நீங்கள் சொன்ன "கெட் டவுன்" நம் நாட்டிலும் இந்தியாவிலும் இறங்குவதற்குப் புழங்குகிறது. இங்கிலாந்துக்காரர் காதில் அது குனி, பதுங்கு என்றும் விழும். அந்தப் பெண்மணி மேலே ஏதோ இடிக்கப்போகிறது என்று நினைத்திருப்பார்.

இன்னொன்று. "கெட் அவுட்" சரியான சொல்தான், ஆனால் அதைத் தனியாகச் சொன்னால் வெளியே போ என்று துரத்துவதுபோல் ஆகிவிடும். இடம் வந்ததும் "வீ ஆர் ஹியர்" என்று சொல்லுங்கள். வந்துவிட்டோம் என்று பொருள். அவர்கள் தாமாக இறங்குவார்கள்.

நேரத்துக்கு மூன்று சொல். "அட் ஃபைவ்" ஐந்து மணிக்கு. "பை ஃபைவ்" ஐந்து மணிக்குள். "அன்டில் ஃபைவ்" ஐந்து மணிவரை. பீநட் ஃபார்ம் கடற்கரையில் அவர்களை விட்டுவிட்டுக் காத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். "வீ வில் பீ பேக் பை ஃபைவ்" என்றால் நாலேமுக்காலுக்கும் வந்து நிற்கலாம், நீங்கள் அங்கே இருக்க வேண்டும். "வீ வில் சர்ஃப் அன்டில் ஃபைவ்" என்றால் ஐந்து மணிக்கு முன் கரைக்கு வர மாட்டார்கள், நீங்கள் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். தமிழில் "குள்", "வரை" என்று வேற்றுமையை நாம் எவ்வளவு கவனமாகச் சொல்கிறோமோ அதே கவனம்தான் இது.

பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதே வித்தியாசம். ஃபிஃப்-டீன்: பின்பகுதியை நீட்டி அழுத்துங்கள். ஃபிஃப்-டி: முன்பகுதியை அழுத்திப் பின்பகுதியைச் சட்டென்று விடுங்கள். பதின்மூன்றிலிருந்து பத்தொன்பதுவரை எல்லாவற்றுக்கும் இதே வழி. இருந்தாலும் காசு விடயத்தில் நாக்கை நம்ப வேண்டாம். "ஒன் தௌசன்ட் ஃபைவ் ஹன்ட்ரட்" என்று முழுதாகச் சொல்லி, கைபேசியில் 1500 என்று எழுதிக் காட்டுங்கள்.

பாசிக்குடா வரவேற்பு எழுதியது:

டீச்சர் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். தோஹாவில் ஏழு வருடம் ஹோட்டல் வாகனம் ஓட்டிவிட்டு வந்து, இப்போது பாசிக்குடாவில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். ஆங்கிலம் என்று நாம் நம்புகிற பல சொற்கள் இலங்கைக்கு வெளியே ஓடாது என்பதை அங்கே போன பிறகுதான் கண்டேன்.

நாம் பஸ் ஹோல்ட் என்போம். அவர்களுக்கு அது "பஸ் ஸ்டொப்". நாம் பெற்றோல் செட் என்போம். செட் என்றால் அவர்களுக்குத் தோட்டத்து மூலையில் கருவிகள் போட்டுவைக்கும் கொட்டில். "பெற்றோல் ஸ்டேஷன்" என்று சொல்லுங்கள். கலர் லைட் "ட்ராஃபிக் லைட்ஸ்". வாகனத்தின் டிக்கி இங்கிலாந்துக்காரருக்கு "பூட்", அமெரிக்கருக்கு "ட்ரங்க்". பெற்றோலையும் அமெரிக்கர் "காஸ்" என்றுதான் சொல்வார். வாடகைக் கார் ஒன்றில் வந்த அமெரிக்கர் என் மேசைக்கு வந்து பக்கத்தில் காஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். வாழைச்சேனையில் சமையல் எரிவாயு விற்கிற கடைக்கு வழி சொல்லி அனுப்பினேன். ஊசி சிவப்பில் நிற்க, அந்த மனிதர் போய்த் திரும்பி வந்தார். அன்றிலிருந்து "ஃபோர் த கார்?" என்று ஒரு கேள்வி கேட்காமல் விடுவதில்லை.

உங்கள் தொழிலில் முக்கியமானது "ஹயர்". நாம் "ஹயர் போகிறேன்" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறோம். வெளிநாட்டவரைப் பார்த்து "ஹயர்?" என்று கேட்டால், வண்டியைத் தானே ஓட்டிப் போக வாடகைக்குத் தருகிறீர்கள் என்று அவர் நினைக்கலாம். ஆட்டோவைத் தாமே ஓட்டி இலங்கையைச் சுற்றுகிறவர்களும் இருப்பதால் அந்தக் குழப்பம் வீணானது அல்ல. "டூ யூ நீட் அ ரைட்?" என்று கேளுங்கள். "லிஃப்ட்" என்ற சொல்லைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் காசு வாங்காமல் ஏற்றிப் போவதைக் குறிக்கும். போக வர இரண்டுக்கும் சேர்த்துப் பேசும்போது "அப் அன்ட் டவுன்" வேண்டாம், "தெயார் அன்ட் பேக்" என்றால் எல்லா நாட்டவருக்கும் விளங்கும். போக மட்டும் என்றால் "வன் வே". விலை சொல்லும்போது "ஃபோர் த டுக் டுக், நொட் பெர் பேர்சன்" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால், மூன்று பேர் ஏறி இறங்கிய பிறகு வழக்கு வராது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஜேர்மனி, பிரான்ஸ், அமெரிக்கா எல்லாம் வீதியின் வலப்பக்கம் ஓட்டுகிற நாடுகள். அந்தப் பழக்கத்தில் அவர்கள் உங்கள் ஆட்டோவின் வலப்பக்கமாக, வருகிற லொறிக்கு நேரே காலை வைப்பார்கள். "வீ ஆர் ஹியர்" என்று சொன்ன அதே மூச்சில் "லெஃப்ட் சைட், ப்ளீஸ்" என்று சொல்லி, கையால் இடப்பக்கத்தைக் காட்டுங்கள். எந்த இலக்கணத்தையும் விட எனக்கு இது பெரிது.

மண்டூர் வாசி எழுதியது:

நான் டீச்சர் இல்லை, ஓட்டுநரும் இல்லை. மட்டக்களப்பில் ஒரு கடையில் நிற்கிறேன். என்னுடைய ஒரு சொல்லை இங்கே வைக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் பாதை என்றால் வழி மட்டும் இல்லை. வாவியைக் கடக்கிற அந்தத் தட்டையான மிதவையும் பாதைதான். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை அங்கும் பாதையில்தான் கடந்தோம். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு நான் பள்ளிக்காலம் முழுக்கப் பாதையில் போய் வந்தேன். மோட்டார் சைக்கிள்கள் ஒரு பக்கம், நெல் மூட்டைகள் மறுபக்கம், நடுவே சீருடைகளோடு நாங்கள்.

மண்டூர் முருகன் கோவிலைப் பார்க்க விரும்பிய ஒரு வெளிநாட்டு இளைஞர் சில வருடங்களுக்கு முன் கடைக்கு வந்து வழி கேட்டார். பஸ்ஸில் குருமண்வெளிக்குப் போய், அங்கிருந்து பாதையில் போக வேண்டும் என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன். பாதைக்கு "பாத்" என்று எழுதினேன். அவர் துறையில் இறங்கி, நடந்து போகிற ஒற்றையடிப் பாதையைத் தேடி வாவிக் கரையோரமாக வெயிலில் நெடுந்தூரம் போயிருக்கிறார். கடைசியில் மீன் பிடிக்கிற ஒருவர்தான் கையைப் பிடித்துக் கொண்டுவந்து மிதவையில் ஏற்றினாராம். மறுநாள் திரும்பி வந்து, "ஃபெரி" என்ற சொல்லை அதே காகிதத்தில் எழுதி என்னிடம் தந்தார். அந்தக் காகிதம் இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

கோச்சியும் அப்படித்தான். நாம் முழு ரயிலையும் கோச்சி என்கிறோம். ஆங்கிலத்தில் "கோச்" என்றால் ரயிலின் ஒரு பெட்டி. இங்கிலாந்தில் தூர இடங்களுக்குப் போகிற பஸ்ஸுக்கும் அதே பெயர். அறுகம்பையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்து கொழும்புக்கு ரயில் ஏற நினைக்கிற பயணி உங்களிடம் கேட்டால், "ட்ரெயின்" என்றே சொல்லுங்கள். வழியில் அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ பஸ் மாற வேண்டியிருந்தால் "சேன்ஜ் அட் கல்முனை" என்றால் போதும். நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணம், சொல் பிழைத்தால் ஒரு பகல் போய்விடும்.

பொத்துவில் ஆட்டோ எழுதியது:

டீச்சர், அண்ணன்மார், எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இவற்றைச் சொல்லிப் பார்க்கிறேன். ஏறுவது இறங்குவது இப்போது பிழைப்பதில்லை. டீச்சரிடம் ஒரு கேள்வி. நேற்று ஒருவர் "யூ டோன்ட் கோ டு ஒகந்த?" என்று கேட்டார். உகந்தைக்கு அன்று போக முடியாது, ஆகவே "யெஸ்" என்றேன். அவர் மகிழ்ச்சியோடு ஏறி உட்கார்ந்துவிட்டார். இது ஏன்?

கல்லாறு டீச்சர் எழுதியது:

தம்பி, "போகமாட்டீர்களா?" என்று கேட்டால் நாம் "ஓம், போகமாட்டேன்" என்போம். நீங்கள் சொன்னது சரி என்று கேட்டவரோடு ஒத்துப்போகிறோம். ஆங்கிலத்தில் கேட்டவரைப் பார்ப்பதில்லை, செயலைப் பார்ப்பார்கள். போவதென்றால் "யெஸ்", போவதில்லையென்றால் "நோ". கேள்வி எப்படித் திரும்பி வந்தாலும் இது மாறாது. இந்தக் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லவே வேண்டாம். "நோ, ஐ டோன்ட் கோ தெயார் டுடே" என்று முழு வசனமாகச் சொல்லிப் பழகுங்கள். எனக்கு இதை விளங்கவைக்க ஒரு வகுப்புக்கு ஒரு தவணை எடுத்திருக்கிறது, நீங்கள் ஒரு நாளில் கண்டுபிடித்துக் கேட்டுவிட்டீர்கள்.

பொத்துவில் ஆட்டோ எழுதியது:

விளங்கிவிட்டது, டீச்சர். பிள்ளையின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி, பெற்றோல் முள்ளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

இன்று ஒரு தாயும் பத்து வயது மகனும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்கள் ஏறினார்கள். விஸ்கி பொயின்ட் போக வேண்டும் என்றார்கள். தெயார் அன்ட் பேக்கா என்று கேட்டேன். ஆம். எத்தனை மணிக்குத் திரும்புவது? "பை ஃபைவ்" என்றார் தாய். "ஃபைவ் இன் த ஈவ்னிங்?" என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துக்கொண்டு தலையாட்டினார். விலையைக் கைபேசியில் எழுதிக் காட்டினேன். நாலரைக்கே போய் நிழலில் நின்றேன். நாலு ஐம்பதுக்கு இரண்டு பேரும் நனைந்தபடி வந்தார்கள்.

கூரையில் பலகைகளைக் கட்டுகிற பட்டி ஒன்று தளர்ந்திருந்தது. அதைக் காட்டி அந்தப் பையன் ஏதோ சொன்னான். எனக்கு விளங்கவில்லை. தாளைப் பார்த்தேன், அந்தச் சொல் அதில் இல்லை. பையன் என் பென்சிலை வாங்கி, தாளின் அடியில் ஆங்கிலத்தில் எழுதி, பட்டியைத் தொட்டுத் தொட்டு மூன்று தடவை சொல்லித் தந்தான். ஸ்ட்ராப். அதற்குப் பக்கத்தில் நான் தமிழில் எழுதினேன். பிறகு இரண்டு பேருமாகப் பட்டியை இறுக்கிக் கட்டிவிட்டுப் புறப்பட்டோம்.